வில்லுகளைப் பார்க்கப் போனோம்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தை முடிக்கும்போது, அடுத்த முறை நாட்டுக் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு மூன்று பேர் வழியில் மறித்து, "கோழி எப்ப வரும்?" என்று கேட்டும் விட்டார்கள். கோழி இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும். ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் கரைத்தீவுப் பெண்கள் பத்துப் பேரும் பிள்ளைகள் பதினொரு பேருமாக வில்பத்துக் காட்டுக்குள் போய் வந்தோம். அதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது.

நாங்கள் இருப்பது காட்டின் வாசலில். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு, கரைத்தீவு, எழுவன்குளம் என்று போகும் பாதை, கலா ஓயாவைத் தாண்டியதும் வில்பத்துக்குள் நுழைந்துவிடுகிறது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து ஜீப்பில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக்காரர்கள் கமெராவோடு வருகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே வாழும் நாங்கள் ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்த்ததில்லை. விறகு பொறுக்க ஓரத்துக்குப் போவோம்; யானை கத்தினால் ஓடி வருவோம். காடு என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

யோசனையைக் கிளப்பியது என் கடைசி மகள். பள்ளிக்கூடத்தில் இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா எது என்று கேட்டிருக்கிறார்கள். வில்பத்து என்று சொல்லிவிட்டாள். "நீங்கள் பக்கத்தில்தானே, போயிருக்கிறீர்களா?" என்று ஆசிரியை கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லையாம். வந்து புத்தகப் பையை எறிந்தாள்.

எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் இதை எடுத்தபோது நல்ல சண்டை. "காசைக் கொட்டிக் காட்டுக்கா போற? எங்கட சீவியம் முழுக்கக் காட்டிலயும் கொட்டிலிலயும்தானே கழிஞ்சது" என்றார் ஒரு மாமி. இன்னொருத்தி, "நுவரெலியாவுக்குப் போவம், குளிராவது இருக்கும்" என்றாள். கடைசியில் கணக்குத்தான் தீர்ப்புச் சொன்னது. நுவரெலியாவுக்கு பஸ் பேச வேண்டும், இரவு தங்க வேண்டும். வில்பத்து என்றால் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்து சோறு ஆக்கலாம். ஆளுக்கு வாரம் 100 ரூபா, பத்து மாதம் சேர்த்தோம். ஊர்ப் பிள்ளை ஒருவரின் ஜீப், எழுவன்குளத்தில் பேசிய இன்னும் இரண்டு. ஒரு ஜீப்பில் ஏழு பேர்.

எங்கள் குழுவின் பொருளாளர் ராத்தா மட்டும் காசைச் சரியாகக் கட்டிக்கொண்டே, "நான் வரமாட்டன், எண்ட இடத்துக்கு வேற ஆளைப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். 2007ஆம் ஆண்டு, சண்டை மும்முரமாக இருந்த காலம், அவருடைய கணவர் இன்னும் இரண்டு பேரோடு தேன் எடுக்கக் காட்டுக்குப் போனார். மூவரும் திரும்பவில்லை. காட்டோரத்தில் சைக்கிள்கள் மட்டும் நின்றன. கரடியா, யானையா, கண்ணிவெடியா, மனிதரா என்று இன்று வரை முடிவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணாமற் போனவர்களின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் கொடுக்கும் சான்றிதழை எடுத்து வைத்திருக்கிறார். (இதுவரை எடுக்காதவர்கள் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணி, வங்கி அலுவல்களுக்குப் பயன்படும். இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கும்படி அது உங்களைக் கேட்காது.)

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ராத்தா என் வீட்டுக்கு வந்தார். "பேரன் அழுறான். நான் வராட்டி அவனும் போகமாட்டானாம். நானும் வாறன்" என்றார். அவனுக்கு ஏழு வயது. நான் ஒன்றும் சொல்லாமல் பெயரை எழுதிக்கொண்டேன்.

விடிய நாலு மணிக்கே எழும்பி இடியப்பமும் கட்டச்சம்பலும் மீன் பொரியலும் வாழையிலையில் கட்டினோம். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோய்ப் போடக்கூடாது. வாழையிலை என்றால் அந்தத் தொல்லை இல்லை. காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். எழுவன்குளத்தில் ரிக்கற் எடுத்தோம். உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு, ஜீப்தான் செலவு. வழிகாட்ட ஒருவர் எங்கள் ஜீப்பில் ஏறினார். அவருக்குச் சிங்களம் மட்டுந்தான். எங்கள் பிள்ளைகள் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், சிங்களம் தண்ணீராகப் பேசுவார்கள். என் மூத்த மகள்தான் மொழிபெயர்ப்பு.

கலா ஓயாவின் குறுக்கே இருக்கும் சப்பாத்துப் பாலத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலால் பாயும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். நாங்கள் போனபோது ஆறு மெலிந்து, மருத மரங்களின் வேர்களுக்கிடையில் சத்தமில்லாமல் ஓடியது. அதைத் தாண்டியதும் ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முதலில் வந்தவை புள்ளிமான்கள். பாதையோரத்தில் ஆடு மேய்வதுபோல் நின்றன. பிள்ளைகள் ஓவென்று கத்த, வழிகாட்டி வாயில் விரலை வைத்தார். பிறகு மயில்கள், ஒரு காட்டுக் கோழி, பாதையைக் கடந்த ஒரு உடும்பு. உடும்பைப் பார்த்து என் மகள், "இது எங்கட வீட்டுக் கோழிக் கூட்டுக்கு வாறதுதானே!" என்றாள். அதற்கு ரிக்கற் எடுத்து வந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மாமி திடீரென்று, "தம்பி, புலி இருக்கா?" என்று தமிழில் கேட்டுவிட்டார். 'புலி' என்ற சொல் வழிகாட்டிக்கும் விளங்கியது. ஒரு கணம் ஜீப்பில் மூச்சில்லை. அவரே சிரித்துக்கொண்டு, "கொட்டி நெஹே, திவியா விதரய்" என்றார். புலி இல்லை, சிறுத்தை மட்டுந்தான் என்று மகள் சொன்னாள். மாமி, "அதத்தான் மகள் நானும் கேட்ட" என்றார். அதன் பிறகுதான் எல்லோரும் சிரித்தோம்.

சிறுத்தையை நாங்கள் பார்க்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மணற்பாதையில் அதன் அடிச்சுவட்டைக் காட்டினார்கள். நாயின் சுவட்டில் நகம் பதியும். சிறுத்தை நடக்கும்போது பூனையைப் போல நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பதியாது. விடியற்காலையில் போன தடம் என்றார் வழிகாட்டி. பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு யானைத் தடத்தையும் காட்டி, முன்னங்காலின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் வரும் என்று சொன்னார். ராத்தாவின் பேரன் அளக்க இறங்கப் போனான். இறங்கக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தோம். காட்டுக்குள் கண்ட இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க அனுமதியில்லை. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

பிறகுதான் வில்லு வந்தது. சகோதரிகளே, வண்ணாத்திவில்லு, வண்ணாத்திவில்லு என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்தக் கடைசிச் சொல்லின் பொருளை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். குளம் என்றால் அணைக்கட்டு இருக்கும், மதகு இருக்கும், அதைக் கட்டிய ஒரு அரசனின் பெயர் இருக்கும். வில்லு அப்படியில்லை. காட்டுக்கு நடுவே இயற்கையாகவே அமைந்த அகன்ற பள்ளம். மழை பெய்தால் நிரம்பும், வெயில் எறித்தால் சுருங்கும். சுற்றி வெள்ளை மணல், அதன்பின் பச்சைப் புல், அதன்பின் காடு. இலங்கையில் வேறெங்கும் இவ்வளவு வில்லுகள் ஒன்றாக இல்லை. பெரிய வில்லு, காளி வில்லு, கொக்கரி வில்லு என்று பெயர்களைக் கேட்டாலே நம் வீட்டு முற்றத்துப் பெயர்கள் போல இருக்கின்றன. இந்த நீர்நிலைகளுக்காகவே 2013ஆம் ஆண்டு வில்பத்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கோடை ஆகையால் வில்லு பாதியாகச் சுருங்கியிருந்தது. அதனால் எங்களுக்கு நல்லது; தண்ணீர் குறைந்தால் மிருகங்கள் இருக்கிற தண்ணீருக்கு வந்து கூடும். ஒரு கரையில் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. எதிர்க்கரையில் தனியாக ஒரு அலியன் யானை புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறி உதறித் தின்றது. ஜீப்பை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்தினார்கள்.

எங்கள் ஊரில் யானை என்றால் இரவில் வரும் ஒரு கறுப்பு. தகரம் அடிப்போம், வெடி கொளுத்துவோம், பிள்ளைகளை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவோம். யானையை வெளிச்சத்தில், அது எங்களைச் சட்டை செய்யாமல் தன்பாட்டில் சாப்பிடுகிற நேரத்தில், அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. "புல்லக் கழுவாத குறைதான், என்ன துப்புரவு!" என்றார் மாமி.

வழிகாட்டியிடம் ராத்தா கேட்ட ஒரே கேள்வி அங்கேதான். "உள்ளுக்குக் கண்ணிவெடியெல்லாம் எடுத்தாச்சா எண்டு கேளு மகள்." மகள் கேட்டாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். 1905இல் இது சரணாலயமாகவும், 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர். யுத்தத்தால் 1988 டிசம்பரில் மூடப்பட்டு, சமாதான காலத்தில் 2003 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் உள்ளே ஒரு ஜீப் கண்ணிவெடியில் சிக்கியது. அதில் இறந்தவர்களில் ஒருவர் நிஹால் டி சில்வா என்ற எழுத்தாளர். ஆனையிறவிலிருந்து ஒரு இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் இந்தக் காட்டு வழியாகத் தப்பி வருவதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 2003இல் கிரேஷன் பரிசு பெற்றவர். தான் கதையாக எழுதிய காட்டிலேயே உயிரை விட்டிருக்கிறார். அதன்பின் மறுபடியும் மூடி, 2010 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஜீப் போகிற பாதைகளெல்லாம் பார்த்துத் துப்புரவாக்கியவை, பயப்பட வேண்டாம் என்று முடித்தார்.

ராத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "2007இல பூட்டித்தான் இருந்திருக்கு. யாரும் தேடிப் போயிருக்க ஏலாதுதானே" என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அல்ல. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். யானை காட்டுக்குள் போகும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

கரடியையும் காணவில்லை. பாலைப்பழம் பழுக்கும் மே, யூன், யூலை மாதங்களில்தான் கரடி மரத்தடியில் நிற்குமாம். நமக்கும் பாலைப்பழம் என்றால் உயிர். பிசின் உதட்டில் ஒட்டும்வரை தின்போம். கரடிக்கும் அதேதானாம். கரடி காது மந்தமாகத் தன்பாட்டில் தோண்டிக்கொண்டிருக்கும். ஆள் கிட்டப் போனதும் திடுக்கிட்டுப் பாய்ந்துவிடும். ஆகவேதான் தேனெடுக்கப் போகிறவர்கள் யானையைவிடக் கரடிக்குப் பயப்படுகிறார்கள்.

பொம்பரிப்பு வெளியைக் கடக்கும்போது, இங்கே நிலத்துக்கடியில் ஈமத்தாழிகள் கிடைத்தன என்றார்கள். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றைப் போன்றவை. 1920களிலும், பிறகு 1950களிலும் 1970இலும் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதில் அக்கறையில்லை. பசி.

மதியம் குதிரைமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இறங்கலாம். மலை என்று பெயர்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மேடு. ஆனால் அந்த மண்ணின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செம்பை உரைத்துக் கொட்டியதுபோல் செக்கச் சிவப்பு. கீழே நீலக்கடல். அல்லிராணி என்ற பெண் இங்கிருந்து முத்துக் குளிக்கும் கடலை ஆண்டாள் என்று கதை சொல்வார்கள். ரோமாபுரி ஆசிரியர் பிளினி 1ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், காற்றில் அடிபட்ட கப்பலொன்று இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கியதாக வருகிறது. அந்தப் பெயரில் குதிரை இருப்பதால் அது இந்த இடந்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே கடலைப் பார்த்தேன். பிறகு என்னால் தொடர்ந்து சொல்ல முடியவில்லை.

1990 ஒக்டோபர் கடைசி. எனக்குப் பதினொரு வயது. வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தோம். மழை. உம்மா என்னையும் தம்பியையும் ஒரே சேலையால் போர்த்திக்கொண்டு இருந்தார். யாரோ ஒருவர், "அந்தா தெரியுது குதிரைமலை, அதத் தாண்டினா அரைவாசி வந்துட்டம்" என்றார். நான் தலையை நீட்டிப் பார்த்தேன். இருட்டில் ஒரு திட்டுத் தெரிந்தது. அதைத் தாண்டினால் எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தத் திட்டின் மேல் நின்று இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஒரு மீன்பிடி வள்ளம் தெற்கே போனது. என் மகள், "என்னம்மா?" என்றாள். வள்ளத்தைக் காட்டினேன். அவளிடம் அந்தக் கதையை முன்பும் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் என்று இப்போதுதான் காட்ட முடிந்தது. லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டோம். எனக்குப் பசி நன்றாகவே இருந்தது, அதை மறைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பஸ்ஸில் என் அடையாளத்தைக் கண்டு ஒரு பெண்மணி, "நீங்கள்தானே வில்பத்துவை அழிக்கிறவர்கள்" என்றார். என் கையில் இருந்தது ஒரு கட்டுக் கீரை. 2015ஆம் ஆண்டிலிருந்து தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் இதே பேச்சாக இருந்தது. குதிரைமலையிலிருந்து வடக்கே கையைக் காட்டி வழிகாட்டி எல்லையைச் சொன்னார்: பூங்காவின் வடக்கு எல்லை மோதரகம ஆறு. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலான முசலி ஊர்கள் அந்த ஆற்றுக்கு அப்பால், பூங்காவுக்கு வெளியே. 1990இல் துரத்தப்பட்ட அந்த மக்கள் 2009க்குப் பிறகு திரும்பிப் போனபோது, இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் மரம் வளர்ந்திருந்தது. 2012இல் அந்தப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் இன்னும் பெரிய மாவில்லு ஒதுக்குக் காடும் பிரகடனமானது. அதே நேரத்தில், ஒதுக்குக் காட்டில் மரங்களை அகற்றிக் குடியேற்றியது சட்டத்துக்கு மாறானது என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடும் செலவை ஒரு முன்னாள் அமைச்சர் ஏற்க வேண்டும் என்றது. இரண்டும் நடந்தவை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்குகிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், வீடு இழந்தவளுக்கு வீடு வேண்டும். அதற்கு இடத்தைக் காட்டும் பொறுப்பு, அவளைக் காட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிறுத்தியவர்களுடையது. அந்த பஸ் பெண்மணியை மறுபடி கண்டால் யானை புல்லுக் கழுவிய கதையைச் சொல்வேன். அவருக்கும் பிடிக்கும்.

காட்டைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கும் காரணம் உண்டு. 2018, 2019இல் கொழும்புக் குப்பையை எங்கள் பக்கத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளத்தில் மாதக்கணக்கில் மக்கள் உட்கார்ந்தபோது, பெண்களும் கைக்குழந்தையோடு உட்கார்ந்தார்கள். 2019 ஓகஸ்டில் குப்பை வந்தேவிட்டது.

இனி, போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். ஏறுமுன் வாசலிலேயே மலசலகூடத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே மணிக்கணக்கில் வசதி கிடையாது. கைக்குழந்தை உள்ளவர்கள் நடு இருக்கையில் இருங்கள், குலுக்கம் குறைவு. எலுமிச்சம்பழம், இஞ்சி, ஒரு பழைய துவாய் கட்டாயம். எங்கள் ஜீப்பில் மூன்று பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர். மஞ்சள், சிவப்பு என்று பளபளக்கும் உடுப்பு வேண்டாம். குரங்குக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். ஒரு தரம் கொடுத்தால் அடுத்து வருகிறவர்களின் மடியில் ஏறும்.

ஜீப்புக்குப் பணமில்லை, பிள்ளைகள் மிகச் சிறியவர்கள் என்றால் சிலாபத்துக்கு அருகே பம்பலையில் கண்டல் தாவர நூதனசாலை இருக்கிறது. 2016 யூலையில் திறந்தார்கள். உலகத்தில் கண்டல் தாவரங்களுக்கென்றே அமைந்த முதலாவது நூதனசாலை என்கிறார்கள். சிலாபம் களப்போரம், பஸ்ஸில் போகக்கூடிய இடம். 'சுதீச' என்ற மீனவர் அமைப்பும் அமெரிக்காவின் 'சீகோலஜி' அமைப்பும் அரசாங்கமும் சேர்ந்து 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கத் தொடங்கிய திட்டத்தின் பகுதி அது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, காட்டைக் காக்கும் வேலையைப் பெண்களின் கையில் கொடுத்ததுதான். 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும்; விதவைகளுக்கு முன்னுரிமை; பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலை வெட்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டலுக்கு நாங்களும் கடன்பட்டவர்கள். கங்கேவாடியில் கலா ஓயா கடலோடு சேருமிடத்தில் இருப்பது நாட்டிலேயே மிகப் பெரிய ஆற்றுமுகக் கண்டற்காடு. காய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, சேற்றில் விழுந்து நட்டுக்கொள்ளும். அந்த வேருக்குள்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. முகாம் காலத்தில் அடுப்பெரிக்க அதைத்தான் வெட்டினோம், நன்றாக எரியும். அப்போது எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது வெட்டினால் அது சட்டப்படி குற்றம், அத்தோடு களப்பில் வலை போடும் நம் வீட்டு ஆண்களின் வயிற்றிலும் அடி.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பாக வெளியே வந்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது ராத்தா, "கொஞ்சம் உள்ளுக்குப் பார்த்தேன், காணும்" என்றார். நான் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த கிழமை விடியற்காலையில் அவருடைய பேரன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். இரவு கஜுத் தோட்டத்துக்கு யானை வந்து போயிருக்கிறது. முன்பென்றால் அந்தப் பக்கமே யாரும் நான்கு நாளைக்குப் போக மாட்டோம். அவன் தையல் நூற்கட்டையோடு நின்றான். ராத்தா பின்னால் அளவு நாடாவோடு வந்தார். அவர் சட்டை தைப்பவர். மண்ணில் வட்டமாகப் பதிந்த முன்னங்காலைச் சுற்றி நூலை வைத்து, வெட்டி, நாடாவில் நீட்டிப் பார்த்தோம். நாலு அடிக்கு இரண்டு விரல் குறைவு. "அப்ப எட்டடி வராது" என்றான் பேரன், சற்று ஏமாற்றத்தோடு. ராத்தா நூலைக் கையில் சுற்றிக்கொண்டே, "ஏழரைக்கு மேல வரும். அது காணாதா உனக்கு?" என்று கேட்டார்.

நூல் இப்போது எங்கள் சேமிப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குப் பம்பலைக்குப் போவதற்காக வாரம் 50 ரூபா சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் கட்டாயம் கோழி.